கரை இறங்கும் டிராக்டர்

கரும்பு ஆலை கொடுக்கும் எடைச் சீட்டுகளை அம்மா ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைப்பார். பட்டுவாடா முடிந்து பணம் கைக்கு வந்த பிறகும் தூக்கிப் போட மாட்டார். மூன்று வருடத்துக்கு முன், தை மாதக் கடைசியில் ஒரு மதியம், அந்தப் பையைத் திண்ணையில் கொட்டி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து அடுக்கினேன். எங்கள் டிராக்டர் கரையில் கவிழ்ந்து அன்றைக்குப் பத்தாவது நாள்.

எங்கள் நிலம் பண்ருட்டிக்கு வடக்கே, தென்பெண்ணைப் படுகையில் இருக்கிறது. கரும்பு ஏற்றினால் ஆற்றுக்கரை மேல் ஏறி, மறுபக்கம் இறங்கித்தான் ஊர்ச் சாலையைப் பிடிக்க வேண்டும். ஏறுகிற பக்கம் மண். லோடு வண்டி ஒற்றை டிராக்டரால் அந்த மேட்டில் ஏறாது. பங்காளி வீட்டு டிராக்டரை முன்னால் நிறுத்தி, சங்கிலி போட்டுக் கட்டி, இரண்டும் சேர்ந்து முக்கி இழுக்கும். அப்போதும் எங்கள் வண்டியின் முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போகும். மேலே வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிடுவோம். அப்புறம் எங்கள் டிராக்டர் தனியாக மறுபக்கம் இறங்கும். இருபது வருடமாக இப்படித்தான் நடந்தது. ஏற இரண்டு டிராக்டர் கேட்ட பாரத்தை, இறங்கும்போது ஒன்றே ஒன்று எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று விடியற்காலை நல்ல பனி. டிரைவர் அண்ணன் பதினான்கு வருடமாக எங்களுக்கு ஓட்டுகிறவர். கரை உச்சியில் நிறுத்தி, லோ கியரில் போட்டு, மெதுவாகத்தான் இறங்கினார். பாதிச் சரிவில் டிரெய்லர் தள்ள ஆரம்பித்தது. டிராக்டர் வலப்பக்கம் மடங்கி, டிரெய்லர் அதன் முதுகில் ஏறி, இரண்டுமாக வாய்க்காலில் சாய்ந்தன. மட்கார்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அவருடைய இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள்.

ஊரில் அன்று மாலைக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தூங்கியிருப்பான் என்றார்கள். நியூட்ரலில் விட்டிருப்பான் என்றார்கள். இரவெல்லாம் ஆலை வாசலில் வரிசையில் கிடந்துவிட்டு வந்த ஆள், நிதானத்தில் இருந்தானோ இல்லையோ என்றுகூட ஒருவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தம்பி, லோ கியர்லதான் வந்தேன். எழுந்து நின்னு பிரேக்க மிதிச்சேன். டயரு நின்னுபோச்சு, வண்டி நிக்கல."

டயர் நின்றது, வண்டி நிற்கவில்லை. அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த நாள் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தேன். தாரில் இரண்டு கறுப்புத் தீற்றல்கள், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு இழுபட்ட தடம், நேராக வந்து கடைசியில் வலப்பக்கம் வளைந்து வாய்க்கால் ஓரத்தில் முடிந்தது. தூங்குகிறவன் கால் அப்படி மிதிக்காது. நியூட்ரலில் விட்டவனும் அப்படி ஒரு தடத்தைப் போட முடியாது. அவர் சொன்னது முழுக்க உண்மை. அப்படியானால் தப்பு எங்கே என்று தேடித்தான் மஞ்சப்பையைக் கொட்டினேன்.

சீட்டில் இருந்த எண்கள்: மொத்த எடை 16,020 கிலோ. காலி எடை 4,210 கிலோ. கரும்பு 11,810 கிலோ. காலி எடையில் டிராக்டர் மட்டும் 2,050 கிலோ என்று அதன் புத்தகத்திலேயே இருந்தது. அதாவது இரண்டு டன் வண்டிக்குப் பின்னால் பதினான்கு டன் நின்றுகொண்டிருந்தது. அந்த டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான டிரெய்லர்களுக்குக் கிடையாது.

நான் கணக்குப் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டிராக்டர் வாங்கும்போது யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் ஊரில் விற்கும் சாதாரண இரண்டு சக்கர இழுவை டிராக்டருக்குப் பின்சக்கரத்தில்தான் பிரேக். முன்சக்கரம் சும்மா உருளும். இரண்டு டன் டிராக்டரில் பின்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் சுமார் 1,270 கிலோ. தார்ச் சாலையில் ரப்பர் பிடிக்கிற பிடி, மேலே இருக்கும் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆக, எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், எவ்வளவு பலமாக மிதித்தாலும், அந்த டிராக்டரால் பின்னுக்குப் பிடிக்க முடிவது 830 கிலோ அளவுதான். அதற்கு மேல் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். என்ஜின் பிடிப்பும் இதே பின்சக்கரம் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அதனால் லோ கியரில் இறங்கினாலும் இந்த எல்லை மாறாது.

சரி, கரைச் சரிவு எவ்வளவு? எங்கள் ஊர்க் கொத்தனாரை அழைத்துக்கொண்டு போய், அவருடைய டியூப் லெவலை வைத்து அளந்தோம். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி இறக்கம். பதினாறு டன்னைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,330 கிலோ. பூமி அந்த வண்டியைக் கீழ்நோக்கி இழுத்த இழுப்பு அது. பிடிக்க முடிந்தது 830. வித்தியாசம் ஐந்நூறு கிலோ.

இந்தக் கணக்கு சரியென்றால், இருபது வருடம் கவிழாமல் எப்படி இறங்கியது என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. பதில் சாலையில் இருந்தது. முந்தின வருடம் வரை அந்த இறக்கமும் மண் பாதைதான். மண்ணில் சக்கரம் அமுங்கி அமுங்கி உருளும்போது அதுவே ஒரு தடை. பதினாறு டன் வண்டிக்கு அந்தத் தடை எழுநூறு கிலோ வரைகூட வரும். தார் போட்டதும் அது முந்நூறுக்கு இறங்கிவிட்டது. டயருக்கும் டிராக்டருக்கும் தெரியாமல், அத்தனை வருடம் அந்த மண்தான் எங்களுக்குப் பிரேக்காக இருந்திருக்கிறது. சாலை நன்றாக ஆனதில் ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். மேலே பனி ஈரம் சேர்ந்ததும் 830 என்ற எண்ணும் குறைந்துபோனது. பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளத் தள்ள, டிராக்டர் முன்பக்கம் அழுந்தி, பின்சக்கரத்தின் பாரமும் குறையும். பிரேக் இருக்கும் ஒரே ஜோடிச் சக்கரம் அது.

சமதளத்திலும் இதே கணக்குதான். டிராக்டர் தனியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் போட்டால் நாலு மீட்டரில் நின்றுவிடும். அதே டிராக்டர், அதே வேகம், அந்த லோடோடு: 22 மீட்டர். ரயில்வே மேம்பாலங்களில் இருப்பதுபோல முப்பதுக்கு ஒன்று இறக்கமென்றால் நாற்பது மீட்டர். இது சக்கரம் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும். கண் பார்த்துக் கால் மிதிக்கிறதுக்குள் ஓடுவது தனி. குறுக்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்த பிறகு அந்த டிராக்டரைப் பழுது பார்க்கச் சொல்லவில்லை. விற்றுவிட்டோம்.

புது வண்டி பார்க்கப் போனபோது, விற்பனை செய்கிற பையன் நன்றாகத்தான் பேசினான். ஐம்பது ஹெச்பி, இத்தனை கியர், ஹைட்ராலிக் இத்தனை கிலோ தூக்கும் என்று அடுக்கினான். "சார், பதினாலு டன்னை அலட்சியமா இழுக்கும்" என்றான். "இறக்கத்தில் பதினாலு டன்னைப் பிடிக்குமாப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "அது டிரைவர் கையில இருக்கு சார்" என்றான். எங்கள் ஊரில் சொன்ன அதே வார்த்தை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இழுப்பதை மட்டும்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

பின்பக்க ஷெட்டில் இருந்த வயதான மெக்கானிக்தான் நான் கேட்பதைப் புரிந்துகொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விளம்பரத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: வண்டியின் மொத்த எடை. "இதப் பாருங்க மொதல்ல. ஹெச்பி ஏத்தத்துக்கு. வெயிட்டு எறக்கத்துக்கு" என்றார்.

குதிரைசக்தி கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். கூடுவது வேகம். எடை குறைந்த உடம்பில் பெரிய என்ஜினைப் போட்டால், தன்னால் நிறுத்த முடியாத பாரத்தைத் தன்னால் நிறுத்த முடியாத வேகத்துக்குக் கொண்டுபோகிற வண்டியாகத்தான் அது ஆகும். ஒரே ஹெச்பியில் இரண்டு கம்பெனி வண்டிகளுக்கு நடுவில் முந்நூறு, நானூறு கிலோ வித்தியாசம் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எடை குறைந்த வண்டி சேறடிக்க நல்லது, புதையாது. டீசலும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் வருடத்தில் நாலு மாதம் பின்னால் லோடு கட்டி ரோட்டில் ஓடப்போகிற வண்டி கனமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து அவர் காட்டியது நாலு சக்கர இழுவை வண்டி. சேற்றில் மாட்டாமல் இருக்கத்தான் அது என்று எல்லோரும் நினைக்கிறோம். அவர் அந்த லீவரைத் தொட்டுக்காட்டிச் சொன்னது வேறு. லீவரைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் கியர்பெட்டி வழியாக ஒன்றோடொன்று பிணைந்துவிடும். அப்போது பின்சக்கரத்துக்குப் போடும் பிரேக், முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதாவது வண்டியின் முழு எடையும் பிடிப்புக்கு வேலை செய்யும். இரண்டரை டன் வண்டியென்றால் பிடிப்பு 1,600 கிலோவுக்கு மேல், பழைய வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சமதளத்துத் தார் ரோட்டில் லீவரைப் போட்டபடியே ஓட்டினால் முன் டயர் சீக்கிரம் தேயும். அதனால் இறக்கத்துக்கு முன் நிறுத்தி, லீவரைப் போட்டு, இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். விலை கூடத்தான். எவ்வளவு கூட என்று வீட்டில் கேட்டார்கள். பிளேட் வைத்த கால் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. மறுபேச்சுப் பேசாமல் அதையே முடிவு செய்தேன்.

பிரேக்கில் இரண்டு வகை. காய்ந்த தட்டு ஒன்று, எண்ணெயில் மூழ்கிய தட்டு ஒன்று. எங்கள் பக்கம் இதை ஆயில் பிரேக் என்போம். சேறடித்துவிட்டு நேராக ரோட்டுக்கு வருகிற வண்டிக்குக் காய்ந்த தட்டில் தண்ணீரும் சேறும் புகுந்தால் பிடிப்பு போய்விடும். இன்றைக்கு வாங்குகிறவர்கள் ஆயில் பிரேக்கைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

கனத்தைப் பிறகும் ஏற்றிக்கொள்ளலாம். பின் டயர் டியூபில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பலாம். ஒரு டயருக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், அத்தனையும் கிலோ. முன்பக்கத்தில் இரும்பு எடைக்கட்டைகள் மாட்டலாம். எங்கள் புது வண்டி 2,480 கிலோ. தண்ணீரும் கட்டையும் சேர்த்ததும் 2,900 கிலோ ஆனது. ஆலையின் எடை மேடையிலேயே தனியாக நிறுத்தி எடை போட்டுப் பார்த்தேன். எடை போட்ட பையன் என்னை வினோதமாகப் பார்த்தான்.

எடைபற்றிப் பேசும்போது தாத்தாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது அவர் நுகத்தடியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். முன்பாரமாக இருந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமாகப் போனால் ஏர்க்கால் மேலே கிளம்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவில், லேசான முன்பாரமாக இருக்கும்படி மூட்டையை நகர்த்தி வைப்பார். எருவும் மணலும் ஏற்றுகிற இரண்டு சக்கர டிப்பருக்கு இது அப்படியே பொருந்தும். பின்பாரமாக ஏற்றிவிட்டால் அது டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பிரேக் இருக்கும் சக்கரத்தின் பாரம் போய்விடும், டிப்பரும் இடம் வலமாக ஆடத் தொடங்கும். அளவு மீறிய முன்பாரமானால் டிராக்டரின் மூக்கு தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் கேட்காது. நாலு சக்கர டிரெய்லர் இந்த வம்பு எதுவும் செய்யாது. ஆனால் அது டிராக்டருக்குக் கொஞ்சமும் பாரம் கொடுத்து உதவாமல், முழுப் பாரத்தையும் தானே சுமந்துகொண்டு, இறக்கத்தில் தள்ள மட்டும் வரும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தாத்தாவின் மாட்டு வண்டிக்குப் பிரேக் இருந்தது. சக்கரப் பட்டையில் உரசும் ஒரு மரக்கட்டை, அதற்கு ஒரு கயிறு. கரை இறங்கும்போது அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வார், கட்டை கிரீச்சென்று கத்தும். ஒரு டன் ஏற்றுகிற வண்டிக்கு அது இருந்தது. பன்னிரண்டு டன் ஏற்றுகிற டிரெய்லருக்கு இல்லை.

மெல்பர்னில் இருக்கும் மாமா பையனிடம் இதைச் சொன்னபோது அவனால் நம்பவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் இழுக்கிற சின்ன டிரெய்லராக இருந்தாலும் 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனியாகப் பிரேக் இருந்தே ஆக வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று பிரிந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். எங்கள் டிரெய்லர் காலியாகவே 2,160 கிலோ. வெளிநாட்டு டிராக்டர்களின் கையேடுகள் சிலவற்றையும் அவன் அனுப்பினான். பிரேக் இல்லாத இழுவை, டிராக்டரின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது, வேகம் 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அவற்றில் அச்சடித்திருக்கிறது. எங்கள் பழைய டிராக்டர் இழுத்தது ஏழு மடங்கு.

அதனால் டிராக்டரோடு வேலை முடியவில்லை. டிரெய்லரை லேத் பட்டறையில் விட்டு, பின் அச்சுக்கு டிரம் வைத்து, டிராக்டரின் பெடலை மிதித்தால் டிரெய்லருக்கும் காற்று பிரேக் பிடிக்கும்படி செய்துகொண்டோம். பட்டறைக்காரர் முதலில் "எதுக்குங்க வீண் செலவு" என்றார். கரையில் இருந்த தடத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

இணைப்பு ஊசியை அவர்தான் முதலில் கழற்றிப் பார்த்தார். டிரெய்லர் வளையத்துக்குள் இறங்கும் அந்த ஊசி நடுவில் தேய்ந்து, ஒரு பக்கம் இடுப்பு வைத்ததுபோல ஆகியிருந்தது. வளையமும் வட்டமாக இல்லை, முட்டை வடிவமாக இழுபட்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் டக் டக் என்று இடித்திருக்கிறது. அந்தச் சத்தம் வண்டியோடு பிறந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். புது ஊசி, மேலே எகிறாமல் இருக்க அடியில் லாக், கூடவே ஒரு கனமான சங்கிலி. சங்கிலி டிரெய்லரிலிருந்து டிராக்டரின் உடம்புக்குப் போக வேண்டும், ஊசிக்கே மாட்டக் கூடாது. ஊசி உடைந்தாலும் டிரெய்லர் ரோட்டில் தனியாக ஓடாது.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் உயிர் விஷயம். மேட்டில் இழுக்கவில்லை என்று சிலர் கலப்பை மாட்டும் மேல் கம்பியில் சங்கிலியைக் கட்டி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பின் அச்சுக்கு மேலே இருக்கும் எந்த இடத்தில் கட்டி இழுத்தாலும் டிராக்டர் பின்சக்கரத்தைச் சுற்றித் தானே எழும்பி, ஓட்டுகிறவர் மேல் மல்லாக்கக் கவிழக்கூடும். ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரைத் தவிர வேறெதிலும் இழுவை கட்டக் கூடாது.

கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் இரும்புச் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. நாம் வெயிலுக்கு மாட்டும் தகரக் கூரை அந்த வேலையைச் செய்யாது, அழுத்தினால் குடை மாதிரி மடங்கிவிடும். வண்டி வாங்கும்போதே கம்பெனி பொருத்தித் தரும் சட்டமும் சீட் பெல்ட்டும் கேட்டு வாங்க வேண்டும். இரும்புச் சட்டம் இருந்தும் பெல்ட் போடாவிட்டால், தூக்கி எறியப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே விழ நேரும்.

ஆட்களை ஏற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். வெட்டு ஆட்கள் கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து ஆலை வரைக்கும் வருவது இங்கே சாதாரணம். கோயிலுக்கும் காதுகுத்துக்கும் டிரெய்லரில்தான் போவார்கள். 2022 அக்டோபர் முதல் தேதி கான்பூர் பக்கத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். வெட்டு ஆட்களுக்கு இப்போது தனியாக ஷேர் ஆட்டோ பேசிவிடுகிறோம். அவர்கள் கேட்காத செலவுதான். கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாத செலவு.

லோடைக் குறைப்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. பன்னிரண்டு டன் ஏற்றிய இடத்தில் எட்டு டன் என்றேன். ஆலையின் வெட்டு உத்தரவு வந்துவிட்டால் நாள் கணக்கு. வெட்டின கரும்பு காயக் காய எடை இறங்கும். இரண்டு நடை போவதை மூன்று நடையாக்கினால் டீசல், டிரைவர் படி, ஆலை வாசலில் இன்னொரு ராத்திரி. அப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்தேன். டிரெய்லருக்கென்று அதில் எழுதியிருந்த எடையை நாங்கள் வருடக்கணக்காகத் தாண்டிக்கொண்டிருந்தோம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் இந்த எடையைத்தான். ஆனால் அப்பா சம்மதித்தது அபராதக் கணக்கைப் பார்த்து இல்லை. டிரைவர் அண்ணன் ஊன்றுகோலோடு எங்கள் வாசலுக்கு வந்து, பாக்கிச் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "வண்டிய போட்டுட்டேனே மொதலாளி" என்று நின்றார். அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எடைச் சீட்டையும் என் கணக்கையும் அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் படித்துக் காட்டினேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கி, 830, 1,330 என்று விரல் வைத்து மெதுவாகப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "அப்ப நா மிதிச்சது சரிதானே தம்பி?" என்று கேட்டார்.

அந்தத் தாளின் நகலை டீக்கடையில் ஒட்டினேன். ஊரில் பேசியவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

புது வண்டியில் எட்டு டன் ஏற்றினால் மொத்தம் பதின்மூன்று டன். கரைச் சரிவில் கீழே இழுப்பது 1,090 கிலோ. நாலு சக்கரமும் பிடித்தால் டிராக்டருக்கு மட்டும் 1,880 கிலோ பிடிப்பு, டிரெய்லர் பிரேக் தனி. சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து டிரெய்லர் பிரேக்கைத் தொடாமலே பத்து மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. முதல் லோடன்று ஊர்க் களத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து நிறுத்திப் பார்த்தோம். ஒன்பது மீட்டர் சொச்சத்தில் நின்றது. டேப் பிடித்தவர் அப்பா.

அந்த முதல் லோடுக்கு ஓட்டியது அண்ணனின் தம்பி மகன். அண்ணனின் கால் இப்போது நடக்க விடுகிறது, கிளட்ச் மிதிக்க விடவில்லை. ஆனாலும் கரை உச்சிக்கு வந்துவிட்டார். பையன் சீட்டில் ஏறுவதற்கு முன் அவர் குனிந்து இரண்டு பிரேக் பெடலையும் பார்த்தார். டிராக்டருக்கு இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு பெடல், வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு பெடல். வயலில் மூலை திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது நடுவில் இருக்கும் சின்னக் கொண்டியைப் போட்டு இரண்டையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால், வேகத்தில் வண்டி அந்தப் பக்கமே சுழன்றுவிடும். விரல் நீளம்தான் அந்தக் கொண்டி. பையன் காலையில் ஓரம் உழுதுவிட்டு அப்படியே வந்திருந்தான், கொண்டி திறந்து கிடந்தது.

அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. குந்த முடியாததால் ஊன்றுகோலை மட்கார்டில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொண்டியைப் போட்டார். பெடலை உள்ளங்கையால் அமுக்கி, இரண்டும் சேர்ந்து இறங்குகிறதா என்று பார்த்தார். அப்புறம் நாலு சக்கர லீவரைத் தானே போட்டுவிட்டு, "இப்ப ஏறு" என்றார்.